திரையில் தோன்றும் மறை

தொடுதிரைக் கைபேசியில் குர்ஆனையோ தோராவையோ தேவாரத்தையோ திறந்து படிப்பவரின் விரல் எதைத் தொடுகிறது? பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஆனால் புனித நூலைக் கையாள்வதற்கென்று நூற்றாண்டுகளாகச் சட்டம் வகுத்து வைத்திருக்கும் சமயங்கள் இதற்கு விடை சொல்லியே ஆகவேண்டியிருந்தது. தூய்மையின்றித் தொடக்கூடாத எழுத்து, அழிக்கக்கூடாத பெயர், தரையில் வைக்கக்கூடாத ஏடு என்ற விதிகள் அனைத்தும் தோலையும் ஓலையையும் தாளையும் மனத்தில் கொண்டு எழுந்தவை. 2007இல் ஐபோனும் 2010இல் ஐபேடும் வந்தபின் அதே மறைமொழி சட்டைப் பைக்குள் புகுந்தது. கழிப்பறைக்கும் கூடவே போனது. விரல் பட்டுத் தோன்றி, விரல் பட்டு மறைந்தது. புனிதம் தங்கியிருப்பது பொருளிலா, எழுத்தின் வடிவத்திலா, ஒலியிலா, ஓதுபவரின் செயலிலா என்று ஒவ்வொரு மரபும் மறுபடி யோசிக்க நேர்ந்தது.

சமய அறிஞர்களின் தீர்ப்புகள் பலவும் கருவியின் இயக்கத்தை ஆதாரமாகக் கொண்டவை. கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, ஒளி புகக்கூடிய மின்கடத்தியால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. விரல் நெருங்கியதும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அதைக் கொண்டு விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி கணிக்கிறது. எழுத்துகள் அதற்கும் கீழே, நுண்ணிய ஒளிப்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. பெரும்பாலான திரைகளில் விநாடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ அவை புதுப்பிக்கப்படுகின்றன. ஆக, விரல் தொடுவது கண்ணாடியைத்தான். நினைவகத்தைத் திறந்து பார்த்தாலும் அங்கே எழுத்தின் வடிவம் கிடையாது, மின்னூட்டமாகச் சேமித்த எண்களே உண்டு. எழுத்துரு அந்த எண்களுக்கு வடிவம் கொடுக்கும்போதுதான் எழுத்து உருவாகிறது. கோப்பை நீக்கும்போதுகூட அந்தத் தரவு பெரும்பாலும் உடனே கலைவதில்லை. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளப்படுகிறது.

எழுத்தின் பருப்பொருளை யூத மரபைப் போலக் கவனித்த மரபுகள் குறைவு. தோராச் சுருளைப் பதப்படுத்திய தோலில் எழுத்தர் மையால் கையெழுத்தாகவே எழுத வேண்டும். அதில் 3,04,805 எழுத்துகள் உண்டு என்பது மரபுக் கணக்கு. ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தும் வரை அந்தச் சுருள் சபை வாசிப்புக்கு உதவாது. சுருளின் தோலை வெறுங்கையால் தொடுவதும் இல்லை. வாசிப்பவர் வரியைப் பின்தொடர 'யாத்' என்ற சிறு கோலை வைத்திருக்கிறார். பெரும்பாலும் வெள்ளியால் ஆன அதன் நுனியில், சுட்டுவிரல் நீட்டிய கை ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். விரல் படக்கூடாது என்பதற்காகவே ஒரு விரலைச் செய்து வைத்த மரபு இது.

இறைவனின் பெயரை அழிக்கக்கூடாது என்ற விதி உபாகமம் 12ஆம் அதிகாரத்திலிருந்து பெறப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் தொகுத்த சட்டநூலான மிஷ்னே தோரா, அவ்வாறு அழிக்கக்கூடாத பெயர்கள் ஏழு என்கிறது. அதனால் பழுதுபட்ட நூல்களை எறிய முடியாமல் 'கெனிசா' என்ற அறையில் சேர்த்து வைத்தார்கள், அல்லது புதைத்தார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்த குவியலில், மறைநூல்களோடு கடிதங்களும் வணிகக் கணக்குகளும் திருமண ஒப்பந்தங்களும் கிடந்தன. 1896–97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் அதன் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார்; அங்குள்ள தொகுப்பில் மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. இடைக்கால மத்தியதரைக்கடல் உலகின் அன்றாட வாழ்வு இன்று இவ்வளவு தெளிவாகத் தெரிவது, எழுதிய தாளை எறிய மனம் வராத அந்தத் தயக்கத்தால்தான்.

திரையைப் பற்றிய கேள்விக்கு இந்த மரபில் முன்னோடியாக இருந்தது ஒலிநாடா. இறைவனின் பெயர் பதிவான நாடாவை அழிக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, 20ஆம் நூற்றாண்டின் பெரும் சட்ட அறிஞரான மோஷே ஃபைன்ஸ்டைன், நாடாவில் எழுத்தே இல்லாததால் அழித்தலுக்கான தடை பொருந்தாது என்று கருதினார். இருந்தாலும் அப்படிச் செய்யாதிருப்பதே முறை என்ற தயக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். பின்வந்தவர்கள் பலர் திரைக்கும் இதே வழியில் விடை கண்டார்கள். நிலைத்து நில்லாத ஒளியை எழுத்து என்று சொல்ல முடியாது. ஆகவே கோப்பை மூடுவது பெயரை அழிப்பதாகாது. ஓய்வுநாளில் கருவியையே இயக்குவதில்லை என்பதால், விதியைப் பின்பற்றுவோரின் தொழுகைக்கூடங்களில் அன்று அச்சு நூல்கள்தான்.

இஸ்லாமியச் சட்டம் இரண்டு செயல்களை முன்பே பிரித்து வைத்திருந்தது: முஸ்ஹஃபை, அதாவது எழுதப்பட்ட குர்ஆன் பிரதியை, தொடுவது ஒன்று, குர்ஆனை ஓதுவது மற்றொன்று. தூய்மையானவர்கள் தவிர வேறெவரும் அதைத் தொடுவதில்லை என்ற கருத்துள்ள அல்வாகிஆ அத்தியாயத்தின் 79ஆம் வசனம், வானில் காக்கப்படும் மூல ஏட்டையும் வானவர்களையும் குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்வதுண்டு. ஆயினும் நான்கு சுன்னி மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) முஸ்ஹஃபைத் தொட ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தூய்மை) வேண்டும் என்பதில் ஒத்துப்போகின்றன. மனனமாக ஓதுவதற்கு ஒளு கட்டாயமில்லை. ஒளு போதாமல் முழுக் குளிப்புக் கடமையானவர் ஓதக்கூடாது என்பது பெரும்பான்மைக் கருத்து.

கைபேசியை எந்தப் பக்கம் சேர்ப்பது? குர்ஆன் செயலி உள்ள கைபேசி முஸ்ஹஃப் ஆகாது, அதை ஒளு இல்லாமலும் தொடலாம், செயலி மூடியிருக்கும்போது கழிப்பறைக்குக் கொண்டுபோவதிலும் குற்றமில்லை என்று சமகால உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் தீர்ப்பளித்தார்கள். வசனம் திரையில் தெரியும்போது மட்டும் அந்தப் பகுதியில் ஒளு இல்லாமல் விரல் வைக்கக்கூடாது என்றவர்களும் உண்டு. இடையிலுள்ள கண்ணாடியே தடுப்பாகிவிடுகிறது என்று அதற்குச் சிலர் மறுமொழி சொன்னார்கள். அச்சான பிரதிக்கோ பழைய மதிப்பு அப்படியே இருக்கிறது. பாகிஸ்தானின் குவெட்டா நகரில் ஜபலே நூர் என்ற குன்றைக் குடைந்து, நைந்துபோன குர்ஆன் பிரதிகளைச் சுரங்கங்களில் பாதுகாக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் மிகப் பழைய வாதம் ஒன்று இருக்கிறது. 833இல் கலீஃபா அல்மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று விசாரணை தொடங்கினார். மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் கசையடியும் பட்டார். அவர் வழிவந்தவர்கள், ஓதப்படுவதும் எழுதப்படுவதும் படைக்கப்படாத இறைச்சொல்லே என்றார்கள். பின்வந்த அஷ்அரிகளோ இறைவனின் உள்ளார்ந்த பேச்சே தொன்மையானது, எழுத்தும் ஓசையும் அதை வெளிப்படுத்தும் படைப்புகள் என்று பிரித்தார்கள். இந்தியாவில் மீமாம்சகர்களும் நையாயிகர்களும் இதற்கு நெருக்கமான கேள்வியில் மோதினார்கள். சொல் என்றும் உள்ளது, இருளில் இருக்கும் குடத்தை விளக்கு காட்டுவதுபோல ஒலி அதை வெளிப்படுத்த மட்டும் செய்கிறது என்பது மீமாம்சை. ஒலி தோன்றி அழிவது என்பது நையாயிகர்களின் நியாய தரிசனம். விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும் எழுத்தைப் பார்த்திருந்தால் இரு தரப்புமே அதைத் தமக்குச் சான்றாகக் காட்டியிருக்கும்.

சில மரபுகள் நூலின் உடலை விட்டுக்கொடுக்கவே இல்லை. சீக்கியர்களுக்கு 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாகிப், 1708 முதல் நிலையான குரு. அதைத் தலையில் சுமந்து வந்து காலையில் விரிக்கிறார்கள். பட்டுத் துணியால் போர்த்துகிறார்கள். இரவில் துயில வைக்கிறார்கள். குருத்வாராச் சுவரில் பாடல் வரிகளும் மொழிபெயர்ப்பும் திரையில் ஓடினாலும், தலைவணங்குவது நூலின் முன்னால்தான். 2012இல் நியூசிலாந்துக் கத்தோலிக்க ஆயர்கள், திருப்பலியில் ஐபேடு வேண்டாம், அச்சான திருப்பலி நூலையே பயன்படுத்துங்கள் என்று குருக்களுக்கு எழுதினார்கள். நற்செய்தி நூலுக்குத் தூபம் காட்டி முத்தமிடும் வழிபாட்டில், விளையாட்டும் செய்தியும் ஓடும் கருவி அந்த இடத்துக்கு வர முடியாது என்பது நியாயமே.

தமிழ்ச் சைவத்திலும் ஏடு வெறும் ஏடாக இருந்ததில்லை. சம்பந்தர் இட்ட ஓலை மதுரையில் நெருப்பில் வேகாமல் நின்றது, வைகையில் எதிரேறிச் சென்றது என்று பெரியபுராணம் பாடுகிறது. சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டபோது, பெரும்பகுதி கரையானுக்கு இரையாகியிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். பழுதான சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் வேள்வித்தீயில் இடப்பட்டன என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் கலங்கியதும் தெரிந்த செய்தி. ஏட்டுக்குக் காட்டிய மரியாதையே பாட்டை அழித்த துயரம் அது. வேத மரபு இதற்கு நேர் எதிர்க்கோடியில் நின்றது. எழுதி வைத்ததைப் பார்த்து ஓதுபவனைக் கீழான ஓதுவோர் அறுவரில் ஒருவனாகப் பாணினீய சிக்ஷை எண்ணுகிறது. இன்று அர்ச்சகர் கைபேசியைப் பார்த்து மந்திரம் சொல்வதும், சரசுவதி பூசையில் மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் இவ்விரு போக்குகளும் கலந்த வழக்கங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், திரையில் தெரியும் மறை ஏட்டைக் காட்டிலும் ஓதலுக்கே நெருங்கிய உறவு. ஓசை ஒலிக்கும் வரைதான் இருக்கிறது. ஒலித்து முடிந்தபின் காற்றைப் புனிதம் என்று யாரும் காப்பதில்லை. ஆனால் ஒலிக்கும்போது அதற்கு முழு மரியாதை உண்டு. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்கச் சொல்கிறது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம். திரையில் எழுத்து ஒளிரும் நேரத்துக்கும் இந்த விதியே பொருந்தும். கருவி எழுத்தல்ல என்ற தீர்ப்பு பருப்பொருளைப் பொறுத்தவரை சரி. அதோடு நின்றுவிட்டால் படிப்பவரின் கடமை பேசப்படாமலே போய்விடும்.

ஓதலின் பக்கம் சேர்த்தால் சில முடிவுகள் தாமாகவே பின்வருகின்றன. ஒளு இல்லாதவர் கைபேசியில் படிக்கலாம்; ஆனால் குளிப்புக் கடமையானவருக்கு ஓதுவதே தடை என்போரிடத்தில், திரையைப் பார்த்து ஓதுவதற்கும் சலுகை கிடையாது. படித்துக்கொண்டிருக்கும் வசனத்தின் மேல் வங்கிச் செய்தியோ விளம்பரமோ வந்து விழுவது, ஓதுபவரின் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவதற்குச் சமம். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுப் படிக்க உட்காருவது பழைய ஒழுக்கத்தின் தொடர்ச்சியே. அச்சிடும் கட்டளையைக் கொடுத்தால் மட்டும் நிலைமை தலைகீழாகிறது. அச்சுப்பொறியிலிருந்து தாள் வெளியே வந்த கணத்தில் மையும் வடிவமும் நிலைத்துவிடுகின்றன. வசனமோ இறைவனின் பெயரோ தாங்கிய அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் போட முடியாது. கெனிசா, புதைத்தல், எரித்தல், ஆற்றில் விடுதல் என்று அந்தந்த மரபு வகுத்த பழைய விதிகள் அதற்கு உடனே பொருந்தத் தொடங்கிவிடுகின்றன.