நினைவு யாருடைய உடைமை?

மனிதனை அவனாக ஆக்குவது எது என்ற வினா தத்துவத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. உடல் மாறுகிறது, கருத்து மாறுகிறது, தொழிலும் வாழிடமும் மாறுகின்றன. இத்தனை மாற்றங்களினூடும் நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒருவனே என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? நினைவைக்கொண்டு என்பதே நம்மிற் பெரும்பாலோர் தரக்கூடிய விடை. ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக், மனித அறிவைப் பற்றிய தமது நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பிற் புதிதாகச் சேர்த்த அத்தியாயமொன்றில் இவ்விடைக்குத் திட்டமான வடிவங் கொடுத்தார். இளவரசன் ஒருவனுடைய ஆன்மா தன் நினைவுகளோடு செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவனின் உடலினுட் புகுந்துவிடுமாயின், அவ்வுடலில் இருப்பவன் இளவரசனே என்பது அவரது வாதம்.

அந்தச் செருப்புத் தொழிலாளி என்ன ஆனான்? அவனுடைய ஆன்மா ஏற்கெனவே உடலைவிட்டு அகன்றுவிட்டதாகக் கொண்டு லொக் மேலே சென்றுவிடுகிறார். ஓர் உதாரணத்தின் தேவைக்காக உழைப்பாளி ஒருவன் வெறுமையாக்கப்படுகிறான். அவனுடைய கைகள் மாத்திரம் எஞ்சுகின்றன. தத்துவ நூலில் இது தீங்கற்ற கற்பனையாகத் தோன்றலாம். ஆனால், மனிதனின் நினைவையும் அவனுடைய உழைப்பையும் தனித்தனியே பிரித்தெடுத்துப் பயன்படுத்தக்கூடிய சமுதாயம் ஒன்றை எண்ணிப் பார்ப்போமாயின், லொக் கைவிட்டுச் சென்ற அத்தொழிலாளியே நமது ஆராய்ச்சியின் மையத்துக்கு வந்துவிடுகிறான்.

இத்தகைய சமுதாயத்தை எண்ணிப் பார்க்கும் துணிவு, குறைந்த செலவில், பெருங் கம்பனிகளின் பிடிக்கு வெளியே எடுக்கப்பட்ட சில விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களுக்கு இருந்திருக்கிறது. பணமின்மை தானாகவே கலைச்சிறப்பைத் தந்துவிடும் என்று நாம் கூறவரவில்லை. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட குப்பைகளும் ஏராளம். மேலும், நாம் பேசப்போகும் படங்களுள் ஒன்றான 'மூன்' படத்துக்கு ஏறத்தாழ 5 மில்லியன் டொலர் செலவாயிற்று. நூறு மில்லியனை எளிதிற் கடந்துவிடும் ஹொலிவூட் விண்வெளிப் படங்களின் அருகில் வைத்துப் பார்த்தாலன்றி அதனைச் சிறுதொகை என்று எவரும் சொல்லார். ஆயினும் ஒன்று உண்மை. நகரங்களை வெடித்துச் சிதறவைக்கப் பணமில்லாத கலைஞன் தன் கமராவை மனித முகத்தை நோக்கித் திருப்ப வேண்டியவனாகிறான். அங்கே அவன் எதிர்கொள்வது தத்துவ வினாவையே.

பிரெஞ்சு நெறியாளர் கிறிஸ் மார்க்கர் 1962இல் உருவாக்கிய 'லா ஜெத்தே' இவ்வகைப் படங்களின் முன்னோடி எனலாம். 28 நிமிடங்களே ஓடும் இப்படம் அநேகமாக முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. உறங்கும் பெண்ணொருத்தி கண்விழிக்கும் சில கணங்களில் மாத்திரமே திரையில் அசைவைக் காண்கிறோம். மூன்றாம் உலக யுத்தத்தில் பாரிஸ் அழிந்துபோக, எஞ்சியோர் நிலத்தடிச் சுரங்கங்களில் வாழ்கின்றனர். அங்கு ஆளுவோர் கைதிகளைப் பரிசோதனைப் பொருளாக்கிக் காலத்தினூடே அனுப்ப முயல்கின்றனர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் கைதி, சிறுவயதில் ஓர்லி விமான நிலைய மேடையிற் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை மறக்கமுடியாதவன். அந்த நினைவின் வலிமைக்காகவே அவன் தெரிவுசெய்யப்படுகிறான்.

ஒரு மனிதனின் மிக அந்தரங்கமான உணர்வு அதிகாரத்தின் கையில் ஒரு கருவியாகிவிடுவதை நாம் இங்கே காண்கிறோம். பரிசோதகர்கள் ஜேர்மன் மொழியில் முணுமுணுக்கின்றனர். நாஜி முகாம்களின் நிழல் அதில் விழுகிறது. படம் வெளிவந்த ஆண்டும் கவனத்திற்குரியது. பிரெஞ்சு இராணுவம் சிறைப்பட்டோரைச் சித்திரவதை செய்த அல்ஜீரிய யுத்தம் 1962 மார்ச்சிலேதான் ஓய்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், பியர் லோம் என்ற ஒளிப்பதிவாளருடன் சேர்ந்து, பாரிஸ் மக்களைத் தெருத்தெருவாகப் பேட்டி கண்டு, அவர்கள் பேசத் தயங்கியதையும் படமாக்கிக்கொண்டிருந்தவர் மார்க்கர். எனவே, அவருடைய நிலத்தடிப் பாரிஸை வெறும் எதிர்காலக் கனவென்று கொள்ளுதல் பொருந்தாது. கதையின் முடிவில், எதிர்கால மனிதர் அளிக்கும் அடைக்கலத்தை மறுத்து, அக்கைதி தன் நினைவினுள்ளேயே திரும்பிச் செல்கிறான். முகாமிலிருந்து பின்தொடர்ந்து வந்தவன் அங்கேயே அவனைக் கொல்கிறான். சிறுவனாக இருந்தபோது தான் கண்ட மரணம் தன்னுடையதே என்பதை அவன் அப்போது உணர்கிறான். தனக்கே உரியதென அவன் பற்றிநின்ற நினைவு அவனுக்குப் புகலிடமாகவில்லை. அதற்கு வழி அறிந்தவர்கள் அவனை ஆண்டவர்களே.

அரை நூற்றாண்டு கழிந்தபின், 2009இல், பிரித்தானிய நெறியாளர் டங்கன் ஜோன்ஸ் தமது முதற் படமான 'மூன்' மூலம் இவ்வினாவைத் தொழிற்களத்துக்குக் கொண்டுசென்றார். தத்துவம் பயின்றவரான அவர், சிறிய மாதிரி வண்டிகளையும் ஒரேயொரு முதன்மை நடிகரையும் கொண்டே படத்தை முடித்தார். சந்திரனின் மறுபுறத்தில் ஹீலியம்-3 எடுக்கும் கம்பனியொன்றில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில், தன்னந்தனியாக வேலைசெய்கிறான் சாம் பெல். ஒப்பந்தம் முடிந்ததும் மனைவியிடமும் மகளிடமும் திரும்பிவிடலாம் என்ற எண்ணமே அவனைத் தாங்கி நிற்கிறது. விபத்தொன்றின் பின்னர் தன்னைப் போன்ற இன்னொருவனை அவன் சந்திக்கிறான். இருவரும் குளோனிங் முறையில் உருவாக்கப்பட்ட பிரதிகள் என்பதும், வீடுதிரும்பும் கலம் என்று காட்டப்பட்டது தொழிலாளியை எரித்துச் சாம்பலாக்கும் அடுப்பு என்பதும் அதன்பின்னரே தெரியவருகின்றன. மனைவி இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மகளுக்கு வயது பதினைந்து.

இக்கம்பனிக்குக் காவலாளி தேவைப்படவில்லை, சம்பளங்கூடத் தேவைப்படவில்லை. குடும்பத்தின்மீது கொண்ட அன்பின் நினைவை ஒவ்வொரு பிரதியினுள்ளும் பதித்துவிட்டால் போதும். அதுவே கூலியாகவும் விலங்காகவும் அமைந்துவிடுகிறது. முதலாளித்துவம் மனிதனின் பேராசையை மாத்திரமே பயன்படுத்துகிறது என்று எண்ணுவோர் இக்காட்சியைச் சிந்திக்க வேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பவனின் தியாக உணர்வும் அதற்கு ஒரு மூலப்பொருளே.

லொக்கின் அளவுகோல் இங்கே முறிந்துபோகிறது. இரு பிரதிகளுக்கும், பூமியிலுள்ள மூல மனிதனுக்கும் பழைய நினைவு ஒன்றே. நினைவே மனிதனாயின் மூவரும் ஒருவராதல் வேண்டும். படமோ அவர்களை வேறுவேறு மனிதராகவே காட்டுகிறது. இன்னொரு பிரதியை எழுப்பிக் கொன்று, அப்பிணத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்ற திட்டம் எழுகிறது. அதனை நிறைவேற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. இறக்குந் தறுவாயிலுள்ள பழையவன், விபத்து நிகழ்ந்த வண்டிக்குத் திரும்பிச் சென்று, புதியவன் பூமிக்குத் தப்பிச் செல்ல வழிவிடுகிறான். அவனுடைய நினைவுகள் கம்பனி பதித்தவை. இந்தச் செயலை அவனுக்குள் எவரும் பதிக்கவில்லை. அவன் யார் என்பதை அச்செயலே நிறுவுகிறது. பூமியிற் புதியவன் அளிக்கும் சாட்சியத்தால் கம்பனியின் பங்கு விலை சரிவதாகப் படத்தின் இறுதியில் வானொலிக் குரல்கள் கூறுகின்றன. அவன் பைத்தியக்காரன், அல்லது சட்டவிரோதக் குடியேறி என்று ஏசும் குரலும் அவற்றிடையே ஒலிக்கிறது. நியாயம் கோரி வரும் தொழிலாளியை வரவேற்கும் குரல் எவ்வாறிருக்கும் என்பதை நெறியாளர் நன்கறிவார்.

அப்படியானால், தொழிலாளியின் நினைவை முதலாளியிடமிருந்து மீட்டு அவனிடமே ஒப்படைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? ஷேன் கரூத் ஏறத்தாழ 7,000 டொலர் செலவில் எடுத்து, 2004இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்ற 'பிரைமர்' இதற்கு நல்ல எதிருதாரணம். அதில் இரு பொறியியலாளர் தற்செயலாகக் காலத்திற் பின்னோக்கிச் செல்லும் பெட்டியொன்றை உருவாக்குகின்றனர். இயந்திரம் அவர்களுடையது, நினைவும் அவர்களுடையது. நடக்கப்போவதை நினைவில் வைத்துக்கொண்டு பங்குச் சந்தையில் இலாபம் தேடுவதே அவர்களது முதல் முயற்சி. விரைவில் நினைவு மூலதனமாகிறது, நண்பன் போட்டியாளனாகிறான், தம்முடைய பிரதிகளையே அவர்கள் அஞ்சத் தொடங்குகின்றனர். நினைவை உடைமையாகக் கருதும் நோக்கு நீடிக்கும்வரை, அது யார் கையில் இருந்தாலும் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தே தீரும்.

ஆகவே, வினாவையே நாம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. லொக்கின் கொள்கையை மறுத்த தோமஸ் றீட் 1785இல் ஓர் உதாரணங் கூறினார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் பின்னர் வீரமிக்க அதிகாரியாகிறான். அதற்கும் பின்னர் தளபதியாகிறான். தளபதிக்கு அதிகாரியின் வீரச்செயல் நினைவிருக்கிறது. அதிகாரிக்குச் சிறுவன் பட்ட அடி நினைவிருக்கிறது. தளபதியோ அந்த அடியை முற்றாக மறந்துவிட்டான். அதனால் அவன் அச்சிறுவன் அல்லன் என்றாகிவிடுமா? தர்க்கத்துக்காகக் கூறப்பட்ட இவ்வுதாரணத்துள் ஓர் ஒழுக்கப் பிரச்சினையும் பொதிந்துள்ளது. வெற்றி பெற்றோர் தம் வெற்றியை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கம். மறந்தவனுக்குப் பொறுப்பில்லை என்போமாயின், மறதியே குற்றவாளிக்கு விடுதலைப் பத்திரமாகிவிடும்.

அலெக்ஸ் றிவேரா 2008இல் வெளியிட்ட 'ஸ்லீப் டீலர்' இப்பிரச்சினைக்கு நேராக முகங்கொடுக்கிறது. மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலக் கிராமமொன்றின் ஆற்றை அணைகட்டி மறித்து, தண்ணீரை விலைக்கு விற்கிறது ஒரு கம்பனி. மெமோ என்ற இளைஞன் பொழுதுபோக்காக வானலைகளை ஒட்டுக்கேட்கப் போய், அவனுடைய தந்தை பயங்கரவாதி எனக் குறிவைக்கப்பட்டு ஆளில்லா விமானத்தாற் கொல்லப்படுகிறார். அக்கொலை தொலைக்காட்சியிற் கேளிக்கையாக ஒளிபரப்பப்படுகிறது. வேலைதேடி எல்லைநகரான திஹுவானாவுக்கு வரும் மெமோவின் நரம்புகளிற் கம்பிகள் பொருத்தப்படுகின்றன. எல்லைக்கப்பால், அமெரிக்காவிலுள்ள இயந்திர மனிதனை அவன் இங்கிருந்தே இயக்குகிறான். உழைப்பு எல்லை கடக்கிறது. உழைப்பாளி கடக்க முடியாது. லொக் மறந்த செருப்புத் தொழிலாளியின் கைகள் இவையே.

அதே நகரில் வாழும் லூஸ் என்ற பெண் தன் நினைவுகளை இணைய வலையில் விற்றுப் பிழைப்பவள். மெமோவைப் பற்றிய நினைவுகளையும் அவனறியாமலே விற்கிறாள். அவற்றைத் தொடர்ந்து வாங்குபவன் றூடி, மெமோவின் தந்தையைக் கொன்ற அமெரிக்க விமானி. அவனும் மெக்சிகோ வழிவந்தவனே. தொலைக்காட்சி அவனுக்கு வீரன் என்ற அடையாளத்தை அளித்திருந்தது. திரையிற் கண்ட இலக்கைத் தவிர வேறெதுவும் அவனுடைய நினைவில் இல்லை. தான் செய்தது என்ன என்ற உண்மை, கொல்லப்பட்டவரின் மகனிடமே இருந்தது. அதனை அறிந்தபின் அவன் எல்லையைக் கடந்து மெமோவைத் தேடி வருகிறான். இறுதியில் தன் விமானத்தை அணையை நோக்கித் திருப்பி அதனைத் தகர்க்கிறான்.

நினைவு விற்கப்பட்டதால்தானே இந்த நன்மை விளைந்தது, ஆகவே சந்தை நல்லதுதானே என்று ஒருவர் வாதிடலாம். றூடி வாங்கியது கதைகளை. கொடுத்த பணத்தோடு அவனுடைய கடமை முடிந்துவிட்டது என்பதே சந்தையின் விதி. அந்த விதியை மீறியதனாலேயே அவன் மனிதனானான். மெமோவிடம் அனுமதி பெறாமல் விற்ற லூஸின் செயலையும் படம் மன்னித்து மறைக்கவில்லை; அவர்களது உறவு அதனால் முறிகிறது.

நாம் யார் என்பதற்கான சான்று நம் மண்டைக்குள் மாத்திரம் இல்லை. நம்முடைய செயல்களின் பயனை அனுபவித்தவர்களிடமும், அவற்றாற் புண்பட்டவர்களிடமும் அது பரந்து கிடக்கிறது என்பதே இப்படங்களிலிருந்து நாம் பெறும் முடிபு. மனிதனின் இயல்பைத் தனிமனிதனுக்குள் தேடாமல் சமுதாய உறவுகளின் தொகுதியிற் காணவேண்டும் என்று கார்ல் மார்க்ஸ் 1845இல் எழுதிவைத்த குறிப்பு இவ்விடத்தில் மிகவும் பொருந்துகிறது. முதுமையின் மறதிநோயால் தன் பிள்ளையின் பெயரையே இழந்துவிட்ட தாய், லொக்கின் கணக்கின்படி பழைய தாய் அல்லள். அவ்வாறு சொல்ல நமக்கு நாவெழாது. அவள் வளர்த்தவர்கள் அவளை நினைவில் வைத்திருக்கின்றனர். அவளுக்குச் செய்யவேண்டிய கடமை அந்த நினைவிலிருந்தே பிறக்கிறது. தன் நினைவை இழந்தவளையும் நாம் கைவிடலாகாது. பிறர் நினைவை மறுத்துத் தப்ப முயல்பவனையும் விட்டுவிடலாகாது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

மனித நினைவுகள் படங்களாகவும் குரல்களாகவும் சில பெருங் கம்பனிகளின் இயந்திரங்களிற் சேமிக்கப்பட்டு, விளம்பரத்துக்கான மூலப்பொருளாகிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். என் நினைவு என் உடைமை என்று முழங்குவது தேவையான முதற்படி. ஆனால் உடைமையை விற்கலாம், அடகும் வைக்கலாம். பொறுப்பை விற்க முடியாது. எவருடைய நினைவுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம் என்ற வினாவை வகுப்பறையிலும் வீதியிலும் எழுப்பும்போதே, நாம் யார் என்ற பழைய வினாவுக்கு விடைகாணும் வழி திறக்கும்.