ஈயக் குண்டும் மான் இறைச்சியும்

ஓர் உயிரைப் பறித்து உண்ண இறைவன் நமக்கு அனுமதி தந்திருக்கிறான். அனுமதி கிடைத்த பின் அதை எந்தக் கருவியால் பறித்தால் என்ன? செத்தது செத்ததுதானே, இறைச்சி இறைச்சிதானே? இப்படிக் கேட்கும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. நாமும் மதரஸாவில் ஓதிய காலத்தில் வேட்டைப் பாடத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு நகர்ந்தவர்கள்தாம். பட்டணத்து ஆலிமுக்கு மானும் அம்பும் எதற்கு என்ற நினைப்பு. தாம்பரம் பகுதிக்கு வந்த பின், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் அந்தப் பாடத்தை நம்மை மறுபடியும் ஓத வைத்துவிட்டார்.

அஸர் தொழுகை முடிந்து அனைவரும் எழுந்து போன பிறகு அவர் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், மௌத்தாய்ப்போன எங்க அத்தாவைப் பற்றி ஒரு மஸ்அலா கேட்கணும்” என்றார்.

அவருடைய தகப்பனார் லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, குண்டை இட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை. ஒரு முறை வெடித்தால் மறுபடி கெட்டிப்பதற்குள் வேட்டைப் பிராணி கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். முயலுக்கும் கௌதாரிக்கும் சிறு ரவைகளைப் போடுவாராம். மானுக்கு மட்டும், தாமே ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த ஒற்றை உருண்டைக் குண்டு. ஒரு கை ரவையை அள்ளிப் போட்டால் குறி தப்பாதே என்று சிறுவனாக இருந்த இவர் கேட்டிருக்கிறார். “ரவை பட்ட மான் ஓடிப்போகும்டா. புதரில் கிடந்து மூன்று நாள் கழித்துச் சாகும். அதற்கு யார் பதில் சொல்வது?” என்றாராம் தகப்பனார்.

சுட்டதும் கத்தியோடு ஓடுவார். உயிர் இருந்தால் அறுப்பார். அவர் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டதையும், “பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே சுட்டேன்” என்று வீட்டுக்குக் கொண்டுவருவார். தாயாரோ, கழுத்தில் கத்தி படாத இறைச்சியை அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். அன்றைக்கு அத்தாவே சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

“அப்படியானால் அத்தா எங்களுக்கு ஹராமைத் தந்து வளர்த்தாரா ஹஜ்ரத்?” பெரியவர் கேட்டது இவ்வளவுதான். உடனே வாய் திறக்க நமக்குத் துணிவு வரவில்லை. கிதாபுகளைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தவணை வாங்கினோம்.

அடித்தே கொல்லப்பட்டதை அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆவது வசனம் விலக்குகிறது. உயிரோடு கிடைத்து நாம் அறுத்துக்கொண்டது அதிலிருந்து நீங்கும். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். இறகில்லாத கனத்த எறிகோலைப் பற்றி அவர்கள் கேட்டபோது, முனை குத்தித் துளைத்ததை உண்ணலாம் என்றும், கோலின் அகலப் பக்கம் மோதிச் செத்தது அடிபட்டுச் செத்ததைச் சேரும், அதை உண்ணலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கோல் ஒன்றுதான், எறிந்த கையும் ஒன்றுதான். முனையா, அகலமா என்பதில் ஹலாலும் ஹராமும் பிரிந்துவிடுகின்றன. மண் உருண்டையை வில்லில் வைத்து அடித்துக் கொன்ற பறவையை இப்னு உமர் (ரலி) அவர்கள் அடிபட்டுச் செத்ததாகவே கணித்தார்கள்.

பல நூற்றாண்டு கழித்து வெடிமருந்து வந்தது, ஈயக் குண்டு வந்தது. இந்தக் குண்டு எறிகோலின் முனையா, அகலமா? டமாஸ்கஸில் 1836-இல் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், ஈயக் குண்டுக்குக் கூர் இல்லை, சூட்டாலும் வேகத்தோடு மோதும் கனத்தாலும் கொல்கிறது, ஆகவே அதனால் செத்தது ஆகாது என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் விலக்குவதே. எகிப்தின் மாலிகி அறிஞர் தர்தீர் (ரஹ்) அவர்களும் யமனின் ஷவ்கானி (ரஹ்) அவர்களும், குண்டு உடலைத் துளைத்து இரத்தத்தை ஓட்டுகிறதே என்று அனுமதித்தார்கள். பிற்காலத்தில் கூர்முனைக் குண்டுகள் வந்தபோது, அவை அம்பைப் போலத் துளைப்பவை என்று ஹனஃபி ஆலிம்களிலும் சிலர் ஆகுமாக்கினர். ஆக, இரும்புக் கடையிலும் ஈய அச்சிலும் முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிற குண்டின் வடிவம் ஒரு மார்க்கப் பிரச்சினை.

(குண்டு மார்க்கப் பிரச்சினையானது நம் நாட்டில் புதிதல்ல. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பன்றிக் கொழுப்பும் பசுக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுதான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. அதைப் பல்லால் கடித்துப் பிய்த்துத்தான் குழலில் மருந்தைக் கொட்ட வேண்டும்.)

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. பெரியவரின் தகப்பனார் உருண்டைக் குண்டைத் தேர்ந்தது இரக்கத்தால். ரவை மானைக் கொல்லாது, வதைக்கும். கனத்த ஒற்றைக் குண்டு, கிட்டத்தில் நின்று நெஞ்சைப் பார்த்துச் சுட்டால், விரைவில் சாய்க்கும். அறுப்பதென்றாலும் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்ற நாயகக் கட்டளையின் வாசனை அந்தத் தேர்வில் இருக்கிறது. ஆனால் அதே குண்டு உருண்டையாகவும் மழுங்கலாகவும் இருப்பதால்தான் நம் இமாம்கள் அதை விலக்கினார்கள்! இரக்கம் காட்டிய கருவியே இறைச்சியைக் கெடுத்துவிட்டதா?

நமக்குத் தோன்றுவது இது. பிராணியை வதைத்தோமா என்பது ஒரு கேள்வி, அதன் இறைச்சி ஆகுமா என்பது வேறு கேள்வி. வதைக்காமல் கொன்றதெல்லாம் ஹலாலாகிவிடாது. இறைச்சி ஹலாலாகிவிட்டதால் வதைத்த பாவம் நீங்கிவிடாது. மழுங்கிய கத்தியால் ஆட்டை அறுப்பவரின் இறைச்சி ஆகும், அவர் செய்தது குற்றம். குறி தப்பினாலும் தப்பட்டும் என்று தூரத்து மான்மேல் சுடுபவரும் அப்படித்தான். விசையை இழுத்த பின் வேட்டைக்காரன் கையில் எதுவும் இல்லை. எந்தக் குண்டு, எவ்வளவு தூரம், சுடுவதா விடுவதா என்பதெல்லாம் அதற்கு முன்னால் அவன் தீர்மானித்தவை. மறுமையில் கணக்கு அங்கேயிருந்து தொடங்கும் என்று அஞ்சுகிறோம்.

அடுத்த வாரம் பெரியவரிடம் சொன்னோம்: உயிரோடு பிடித்து அறுத்தவற்றில் எந்த மத்ஹபிலும் பேச்சில்லை. மற்றவற்றில் உங்கள் தாயார் தம் மத்ஹபின் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். தகப்பனார், பெரிய அறிஞர்கள் சிலரும் சொன்ன ஒன்றைத் தெரிந்தோ தெரியாமலோ செய்தார். அறியாப் பருவத்தில் தந்தை ஊட்டியதை உண்ட பிள்ளைகள்மேல் குற்றமில்லை. அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், தர்மம் செய்யுங்கள்.

“அப்போ அம்மா சொன்னதுதான் சரியா?”

“இறைச்சியில் அம்மா சரி. ரவை போடாததில் அத்தா சரி” என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு இது கடந்த காலக் கணக்கு மட்டும்தானா என்றால், இல்லை. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதில் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு மூடிவிட்டன. கிண்டிப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நாம் பார்க்கிற புள்ளிமானைச் சுட்டால் சிறைதான். ஆயினும் “காட்டு இறைச்சி” என்று காதோடு சொல்லி விற்பவர்கள் ஒழிந்துவிடவில்லை. வலீமாவுக்கு அதைப் பெருமையாகப் பரிமாறியதாகவும் கேள்விப்பட்டிருக்கிறோம். சுட்டவர் யார், அறுத்தவர் யார், உயிர் இருந்ததா, எதற்கும் பதில் இல்லாத இறைச்சி அது. மான் ஹலால்தானே என்று வாதிடுகிறவருக்கு, மான் என்ற இனம் ஹலால், உங்கள் தட்டில் இருக்கும் துண்டுக்குச் சாட்சி எங்கே என்று கேட்போம். நாட்டின் பொதுச் சொத்தைத் திருடி விருந்து வைப்பது வேறு. மெல்லிய ஈயம் எலும்பில் பட்டுச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகளாக இறைச்சியில் கலந்துவிடும். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

நரிக்குறவச் சகோதரர்கள் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுக் கொண்டுவந்த காடை, கௌதாரிகளை முன்பெல்லாம் நம் வீடுகளில் வாங்கியது உண்டு. சுட்டதிலேயே செத்த பறவை, குண்டு எந்த வடிவமானாலும், சுட்டவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இல்லாததால் நமக்கு ஆகாது. உயிரோடு வாங்கி வீட்டில் அறுத்தவை ஆகுமானவை. அப்படி அறுத்து உண்ட பாட்டிமார்களைப் பற்றி யாரும் மனம் கலங்க வேண்டியதில்லை.

பெரியவர் போகும்போது இன்னொன்றும் கேட்டார். துப்பாக்கியை எப்போதோ காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்களாம். குண்டு வார்க்கும் அச்சு மட்டும் பரணில் கிடக்கிறதாம். அதை வைத்திருக்கலாமா என்றார். அத்தாவின் ஞாபகமாக வைத்திருங்கள், பேரப்பிள்ளைகள் கேட்டால் ரவை போடாத கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றோம்.