சட்டத்துக்குள் ஓர் அமானிதம்

ஹட்டனில் மச்சானின் தச்சுப் பட்டறைக்குத் தோட்டத்து அம்மா ஒருவர் துணியொன்றைக் கொண்டுவந்தார். றேடியோவுக்கு மேல் விரிக்கும் துணி. வெள்ளைப் பருத்தியில் இரண்டு மயில்கள், நடுவில் இரண்டு பெயர்கள். ஒரு மயிலுக்கு வால் பாதியில் நிற்கிறது. ஓரத்தில் தேயிலைக் கறை. அவருடைய தாயார் தன் தங்கைக்குக் கொடுக்கத் தைத்ததாம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என மனிதர்களைப் பங்கிட்டதில் அக்காள் இங்கே நின்றார், தங்கை கப்பலேறினார். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வால் தைக்கப்படவில்லை.

“கறையையும் வாலையும் உள்ளுக்கு மடிச்சிட்டா வடிவா இருக்கும் அம்மா” என்றார் மச்சான்.

“வேணாங்க மொதலாளி. அம்மா நிப்பாட்டின எடம் அதுதானுங்க.”

அவர் போனபின் மச்சான் பசைப் போத்தலை எடுத்தார். பலகையில் பசை தடவித் துணியை ஒட்டினால் அரை மணிநேர வேலை. நான் முகம் சுளித்ததைக் கண்டு, “பின்பக்கத்த ஆரு பாக்கப் போற?” என்றார். நியாயமான கேள்விதான். பல நாட்களாக என்னை விடாத கேள்வியும் அதுவே.

ஒட்டிய துணி பிறகு சேதமின்றிக் கழராது. பசை பழுத்து மஞ்சளாகி முன்பக்கம் வரும். ஒழுங்கான வழி வேறு. துவைத்த பருத்தித் துணியைப் பலகையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் வேலைப்பாட்டைச் சன்னமான நூலால் ஓரந்தொட்டுத் தைக்க வேண்டும். மரத்திலிருந்து கசியும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். ஆகவே சட்டம் நேரே துணியைத் தொடக்கூடாது. கண்ணாடியும் தொடக்கூடாது, இடையில் மெல்லிய சட்டக்குச்சி வேண்டும். எங்கள் மூடுபனியில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும், தொட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மரமும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கைப் பச்சையாக அறுத்துச் சட்டம் செய்தால், 45 பாகையில் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் மாரி போய்க் கோடை வரும்போது மூலைகள் வாய்பிளக்கும்.

இத்தனைக்கும் ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளுக்கு யார் கூலி கொடுப்பது? 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் கைக்கு வரத் தோட்டத் தொழிலாளர் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. பணமுள்ளவனின் துணிக்குத் தையல், இல்லாதவளின் துணிக்குப் பசை என்று வைத்துக்கொண்டால், அந்த அளவுகோல் தொழிலுடையதா, நம்முடையதா?

நாம் அமானிதம் என்ற சொல்லைப் பணத்தோடும் நகையோடும் நிறுத்திக்கொள்கிறோம். கைமாறிய பொருளைத் திரும்பக் கேட்கும்போது கொடுக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பதுதான் அதன் நிபந்தனையென்றால், பசை தடவுகிறவன் அதை முறிக்கிறான். கேட்டாலும் இனிக் கொடுக்க முடியாதபடி செய்துவிடுகிறான், அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

துணியென்றால் கிழிந்துதானே போகும், அதற்கேன் இத்தனை பத்திரம் என்று கேட்கலாம். கஃபாவின் கிஸ்வாவையே வருடந்தோறும் இறக்கிப் புதியதைப் போர்த்துகிறார்களே, பழையது துண்டு துண்டாகிப் போகிறதே! உண்மைதான். அதைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளும் நம் ஆசையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஒரு துணியின் ஆயுளை முடித்துவைக்கும் உரிமை அதற்குரியவருக்கு இருக்கிறது. தச்சனுக்கு எப்படி வந்தது?

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேனா? பாதியைச் சொன்னேன். மீதியை ராத்தா முடித்தா. பசைப் போத்தலை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, அன்றிரவு தானே ஊசியோடு உட்கார்ந்தா. கூலி பேசவில்லை. மச்சான் பின்பலகைக்கு ஆணி அடிக்காமல் நான்கு திருகாணி போட்டார்.

கிழமை கழித்து வந்த அந்த அம்மா சட்டத்தை வாங்கியதும் திருப்பிப் பின்புறத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“இத கழட்டலாங்களா மொதலாளி? கூடலூர்ல சின்னம்மா மக இருக்கு. ஒருநா வந்தா அந்த வால தச்சிக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கு.”

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. திருகாணி கழற்றும் விதத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.