கணுவும் கடனும்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஜன்னல்களில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் வளரும் மணிபிளாண்ட் தானாகப் பூப்பதில்லை. ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்காததே காரணம் என்று 2016-இல் கண்டார்கள். பூ இல்லை, ஆகவே விதை இல்லை. கணுவோடு வெட்டிய தண்டுதான் செடியாகும். வெறும் இலை ஆகாது. நம் வீடுகளில் இருப்பவை எல்லாம் ஏதோ ஒன்றின் வாரிசுகள் அல்ல, துண்டுகள்.

திருடி வைத்தால்தான் இது செழிக்கும் என்பது நம்பிக்கை. ஆனால் பறிகொடுத்தவருக்கு நஷ்டம் என்ன? வெட்டுக்குக் கீழேயுள்ள கணுவில் புது முளை கிளம்பிவிடுகிறது. களவு போவது செடியல்ல. கேட்டிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய உறவு. கேட்பவன் கடன்படுகிறான். வட்டியில்லாத அந்தக் கடனுக்கும் அஞ்சுகிறவனுக்கு, இந்த நம்பிக்கை ஒரு சௌகரியமான சாஸ்திரம்.

எழுத்திலும் இதே அச்சம்தான். எடுத்ததை எடுத்ததாகச் சொன்னால், கொடுத்தவருக்கும் குறைவில்லை, எடுத்தவருக்கும் இல்லை. ஆயினும் மறைக்கிறோம். சொல்லை மட்டும் கிள்ளி வந்தவன் சில நாள் பசுமை காட்டலாம். கணு பார்த்து வெட்டியவனுக்கோ, எந்தக் கொடியில் வெட்டினோம் என்பது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்ததைச் சொல்வதுதான் பாக்கி.