வலியைச் சொன்னால் ஸபர் போய்விடுமா?

 



சென்ற மாதம் நம் மஹல்லாவில் ஒரு பெரியவரை நலம் விசாரிக்கப் போனேன். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். தோல் ஷாப்பில் உழைத்தவர். மனைவி கொடுத்த கிட்னியோடு 11 வருடம் வாழ்ந்தார். இப்போது அதுவும் செயலிழந்து டயாலிசிஸுக்குத் திரும்பிவிட்டார். உடலெல்லாம் அரிப்பு, எலும்பில் வலி, இரவில் தூக்கமில்லை. "டாக்டரிடம் சொன்னீர்களா பாய்?" என்றேன். "சொன்னால் ஸபருடைய நன்மை போய்விடுமே ஹஜ்ரத்" என்றார்.

வாசலில் மகன் என்னை நிறுத்தினார். "பேலியேட்டிவ் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அத்தாவைக் கைவிடச் சொல்கிறார்களா?" என்று கேட்டார்.

தந்தையின் கேள்விக்கு முதலில் வருவோம். அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தைச் சொல்லி இறைவனை அழைத்தார்கள். அவர்களைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று குர்ஆனில் புகழ்கிறான். "அது அல்லாஹ்விடம் சொன்னது, மனிதரிடம் சொல்லலாமா?" என்று கேட்கலாம். நபி (ஸல்) அவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அதைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பேருக்கு வரும் அளவு தமக்கு வருகிறது என்று நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி, சொர்க்கத்துக்காகப் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். அவரும், வலிப்பின்போது ஆடை விலகாமலிருக்க துஆ கேட்டுப் பெற்றார். பொறுமையோடு ஆறுதலும் தேடலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அல்லாஹ்வின் விதியைக் குறை சொல்வதுதான் ஸபருக்கு எதிரானது. நோயை மருத்துவரிடம் சொல்வது அப்படியல்ல.

இனி மகனின் கேள்வி. பக்கத்தில் வேலூர் சிஎம்சியில் 1971-இலேயே கிட்னி மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. ஆனாலும் மாற்றிய கிட்னி நிரந்தரமல்ல. தினமும் மாத்திரை சாப்பிட்டாலும் ஒருநாள் செயலிழக்கலாம். பேலியேட்டிவ் சிகிச்சை வலி, அரிப்பு, மூச்சுத்திணறல், மனப்பயம் இவற்றைத் தணிப்பது. மரணத்தை விரைவுபடுத்துவதோ தள்ளிப்போடுவதோ அதன் நோக்கமல்ல. டயாலிசிஸ் நடக்கும்போதும், அடுத்த கிட்னிக்குக் காத்திருக்கும்போதும் கூடவே பெறலாம். அதைக் கைவிடுதல் என்று எப்படிச் சொல்வது?

ஒரு எச்சரிக்கை: மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பல மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். கிட்னிக்கு ஏற்ற மருந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மனைவி, "நான் கொடுத்தது வீணாகிவிட்டதே" என்று அழுதார். அம்மா, 11 வருடத் தொழுகையும் நோன்பும் வீணா? அல்லாஹ்விடம் எதுவும் வீணாகாது.

நோயாளியைப் பார்க்கப் போனால் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி எழுந்து வராதீர்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். நம் நோயாளிகளுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும் ஆறுதலையும் தருவானாக. ஆமீன்.