யாரும் கேட்காத மலயமாருதம்

போன வருஷம் தங்கைக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபம். அப்பா எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று நாயனம் ஏற்பாடு செய்வது. சாஃப்ட்வேர் ஆள் இல்லையா, முதலில் கூகுளில்தான் தேடினேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மங்கல இசைக்கு பேக்கேஜ் போட்டிருந்தார்கள். பிளாட்டினத்தில் என்ன கூடுதல் என்று பார்த்தால், ஒரு சாக்ஸபோன். அம்மாதான், "கோயில்ல தினமும் வாசிக்கிறவர்ட்ட போய்க் கேளுடா" என்றாள்.

"பெரிய முகூர்த்தம் தம்பி. அன்னைக்குத் தவிலுக்கு ஆள் கிடைக்கிறதே கஷ்டம்" என்றார் அவர். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளத்துக்கு ஒரு பையன். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். 30,000 கேட்டார். நான் பேசிப் பேசி 26,000-க்குக் கொண்டுவந்தேன். அதே வாரம் கேண்டிட் போட்டோகிராபர் 1,40,000 கேட்டபோது ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பிடிஎஃப்-ல் கொட்டேஷன் அனுப்பியிருந்தார். பிடிஎஃப்-இடம் எப்படிப் பேரம் பேசுவது?

வேன் வாடகை போக ஐந்தால் வகுத்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதும்.

கல்யாணத்தன்று அதிகாலை நாலரை மணி. ஹாலில் நாற்காலிகள் அடுக்கிவைத்தபடியே இருந்தன. நான் சேஃப்டி பின் தேடிக்கொண்டிருந்தேன். மண்டபத்து அக்கா ஒருவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாசிக்க ஆரம்பித்தார். என்ன ராகம் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மலயமாருதம். பத்து நிமிஷம் இருக்கும், பின்னைத் தேடுவதை விட்டுவிட்டு நின்றேன். அப்போது வீடியோக்காரர் வந்தார். "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, பொண்ணு பேசுறத எடுக்கணும்." பாதியில் நிறுத்தினார். சீவாளியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டவன் நான்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி. காசு கொடுத்து ஒருவரை வாசிக்கச் சொன்னால், அதைக் கேட்க வேண்டிய கடமையும் சேர்ந்து வருகிறதா?

வராது என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது. கெட்டிமேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமான ஒரு பேச்சோ காதில் விழக்கூடாது என்பதற்கு. வேறு சத்தங்களை மறைப்பதற்கென்றே ஒரு சத்தம். என் பாஷையில் சொன்னால் பேக்கிரவுண்ட் பிராசஸ். ஓடும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால்தான் போன் வரும். நான் எழுதும் கோடையும் யாரும் நின்று ரசிப்பதில்லை. அதற்காக நான் அழுவதில்லையே.

ஆனால் என் கோடுக்கு மூச்சு வேண்டாம். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார் காண்ட். தமிழில் அந்தச் சொல் இங்கே கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. ஆச்சா மரத்தில் கடைந்ததும் கருவிதான். அதைப் பிடித்திருப்பவரையும் நாம் அதோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்துவிட்டோம்.

முகூர்த்தம் முடிந்து பந்தி. அவர்களுக்குப் பத்தரைக்கு வேறொரு மண்டபத்தில் முகூர்த்தம் இருந்தது. பெரியப்பா சொன்னார், "மேளக்காரங்க அப்புறம் சாப்பிடட்டும், சம்பந்தி வீட்டாளுங்க உக்காரட்டும்." அந்த 'மேளக்காரங்க' என்ற சொல்லில் ஒரு தொழில் மட்டும் இல்லை, ஒரு சாதியும் இருக்கிறது. தெரியாத மாதிரி இருந்துகொள்வோம். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் வாசித்தது டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் என்று பெருமையாக ஃபார்வர்டு செய்கிற குடும்ப வாட்ஸப் குரூப்தான் எங்களுடையதும். ஃபார்வர்டு செய்தவர் பெரியப்பா.

பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். வேன் வரை ஓடிப்போய், பாக்கியோடு நான் குறைத்த 4,000-ஐயும் சேர்த்து ஒரு கவரில் கொடுத்தேன். "காலைல நீங்க வாசிச்சதக் கேட்டேன் அண்ணே. வேற யாருமே கேக்கல" என்றேன். பாராட்டுவதாக நினைப்பு.

சிரித்தார். "யாராச்சும் கேக்கணும்னு நெனச்சா கல்யாணத்துக்கு வர முடியுமா தம்பி? எனக்குக் கேக்குதுல்ல." பிறகு கவரைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார், "பையன் ராத்திரிலேர்ந்து சாப்புடல. இலைல உக்கார வச்சிருக்கலாம்."

ராகத்தைப் பற்றி ஒரு வருஷம் யோசிக்கத் தயாராக இருந்தவனுக்கு, தாளம் போட்ட அந்தப் பையனின் பசி கண்ணில் படவே இல்லை. நின்று கேட்டதையே பெரிய மரியாதையாக எண்ணிக்கொண்டிருந்தேன். பந்தியில் பெரியப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவது அதைவிடக் கஷ்டமான வேலை, அதை நான் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து கல்யாண வீடியோ வந்தது. தாலி கட்டும் இடம் ஸ்லோ மோஷனில் ஓடுகிறது. ஓரத்தில் அவர் தெரிகிறார். கன்னம் உப்பியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பக்கத்தில் தவில் குச்சி மேலே போய் மெதுவாக இறங்குகிறது. பின்னணியில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை ஓட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் ஆடியோ இருக்கிறதா என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு மெசேஜ் போட்டேன். அதை வைத்துக்கொள்வதில்லை சார் என்று பதில் வந்தது.