தோல் செல்லில் இருந்து குழந்தை: அக்கா கேட்ட கேள்வி

ஓம் சரவணபவ.

போன கந்த சஷ்டி சமயத்துல பெரியம்மா பொண்ணு ஒரு செய்தியை அனுப்பி, "இது நிஜமாடா?"ன்னு கேட்டா. அக்காவுக்கு இருபத்தி நாலு வயசுல புற்றுநோய். கீமோவில் உயிர் பிழைச்சுட்டா, ஆனா சினைப்பை போயிடுச்சு. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்கான கருமுட்டைகள் உள்ளே இருக்கும். அது அழிஞ்சா அழிஞ்சதுதான்.

செய்தி இதுதான்: தோல் செல்லில் இருந்து ஆய்வகத்திலேயே கருமுட்டை.

"நிஜம்தான்க்கா, ஆனா எலிக்கு"ன்னு பதில் போட்டேன். சாதாரண உடல் செல்லையே ஸ்டெம் செல்லா திருப்ப முடியும்னு 2006ல ஷின்யா யமனாகா எலியில் காட்டினார். அதை வச்சு ஜப்பானில் கட்சுஹிகோ ஹயாஷி குழு 2016ல எலியோட வால் நுனி செல்லை முட்டையாக்கி, குட்டியும் பிறக்க வச்சாங்க. 2023ல ஆண் எலியோட செல்லில் இருந்தே முட்டை! 630 கருவை கருப்பையில் வச்சதில் பிறந்தது 7 குட்டி. மனித செல்லில் 2018ல கியோட்டோ விஞ்ஞானிகள் முட்டைக்கு முந்தைய ஒரு நிலை வரைக்கும் போனாங்க.

இதைப் படிச்சதும் நம்ம ஆளுங்க சிலர் "சரவணப் பொய்கைதான் உலகின் முதல் ஆய்வகம்"னு ஃபார்வர்டு தயார் பண்ணுவாங்க. ப்ளீஸ், வேண்டாம். விஞ்ஞானத்துக்கும் அவமானம், முருகனுக்கும் அவமானம். ஆனா அந்தக் கதையில் நான் கவனிக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. நெற்றிக்கண் பொறியில் தோன்றிய பிள்ளையை "இயற்கையா பிறக்கலையே"ன்னு யாரும் தள்ளி வைக்கல. கார்த்திகேயன்ங்கிற பேரே பால் கொடுத்து வளர்த்த ஆறு பெண்களால் வந்தது. அதனால் "இது இயற்கைக்கு விரோதம்"ங்கிற வாதம் நம்ம வாயில் பொருந்தாது.

என் பயம் வேற. நான் கோடு எழுதுறவன். பிழை வந்தா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடுவேன். ஒரு குழந்தையை அப்படித் திருப்ப முடியாது. செல்லை அழிச்சு எழுதும்போது ஒரு சின்னக் குறை தங்கி, அது முப்பது வயசுல நோயா வெளிப்பட்டா? சோதனைக்குச் சம்மதம் யார் கொடுத்தது? அக்கா தன் உடம்புக்குக் கொடுக்கலாம். பிறக்கப்போற பிள்ளைக்காக?

ஆபீஸ் நண்பன் மடக்கினான்: "அந்த வழி இல்லேன்னா அந்தக் குழந்தையே கிடையாதே. பிறக்காம இருக்கறதை விட குறையோட பிறக்கறது மேல் இல்லையா?" ரெண்டு நாள் இது என்னைத் தூங்க விடல. அப்புறம் தோணுச்சு: எங்கேயோ வரிசையில் நின்னு "என்னைப் பிறக்க வைங்க"ன்னு கெஞ்சுற குழந்தை யாரும் இல்ல. பிறக்காததால் யாரும் ஏமாறல. ஆனா பிறந்த பிறகு வலிச்சா, அந்த வலி ஒரு ஆளுடையது. அதனால் ஆராய்ச்சி நடக்கட்டும், குரங்கு மாதிரி மனுஷனுக்கு நெருங்கிய விலங்குகளில் தலைமுறை தலைமுறையா பார்க்கட்டும். அதுவரை மனிதக் கருப்பைக்குப் போகக் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதை அக்காகிட்ட சொன்னேன். கோபப்படல. "நீ சொல்றது சரிடா. ஆனா எனக்கு எலி மேல பொறாமையா இருக்கு"ன்னா. என்ன சொல்றதுன்னே தெரியல.

அப்புறம்தான் இன்னொண்ணும் சொன்னா. ஆறு வருஷம் சஷ்டி விரதம் இருந்திருக்கா. ஒவ்வொரு வருஷமும் கோயிலில் யாராவது "சஷ்டியில் இருந்தா அகப்பையில் வரும்மா"ன்னு சொல்வாங்களாம். நல்ல மனசோடதான் சொல்றாங்க. அவளுக்கு அது "நீ சரியா இருக்கல"ன்னு கேட்குது. போன வருஷம் கோயிலுக்கே போகல.

இந்த வருஷம் என்கூட வர்றேன்னு சொல்லியிருக்கா. பக்கத்துல நின்னா தயவுசெஞ்சு அந்தப் பழமொழியை மட்டும் சொல்லாதீங்க.

முருகா சரணம்.